தெளிந்த நீரின் நிறம் கண்டவர்

காவிரியும் கொள்ளிடமும் அணைத்து நிற்கும் திருவானைக்கா, ஐம்பெரும் பூதங்களுள் நீருக்கு உரிய தலம் என்பதைத் தமிழர் அறிவர். அங்கே இறைவன் திருமேனியைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டிருக்கும். அத்தலத்தில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்த குழந்தை, பிற்காலத்தில் நீருக்குத் தனக்கென ஒரு நிறம் உண்டு என்று உலகறிய நிலைநாட்டியது. இது தற்செயலான பொருத்தமே. ஆயினும் நினைக்க இனிதாயிருக்கிறது.

அக்குழந்தையே சந்திரசேகர வேங்கடராமன்; சர் சி. வி. இராமன் என்று நாம் அறியும் பேரறிஞர். நம் ஒக்கலிபுரத்துக் குடும்பங்களுக்கு அப்பெயர் பெரும்பாலும் பேருந்துப் பலகையில் காணும் ஓர் ஊர்ப் பெயராகவும், ஒரு சாலையின் பெயராகவும் பழகிவிட்டது. பள்ளியிற் பயிலும் பிள்ளைகளைக் கேட்டால் நோபல் பரிசு என்பார்கள். மேற்கொண்டு கேட்டால் விழிப்பார்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. இராமன் விளைவு என்னும் சொல்லைக் கற்பித்தோமே தவிர, அப்பெரியார் வாழ்நாள் முழுதும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது நிறத்தை. அதிலும் சிறப்பாக, நிறமே இல்லை என்று நாம் எண்ணும் தெளிந்த பொருள்களின் நிறத்தை. நீர், பனிக்கட்டி, கண்ணாடி, பென்சீன், வைரம் ஆகிய இவையே அவருக்கு வாழ்நாள் விருந்து.

ஒரு பொருள் தெளிவானது என்பதை நாம் எவ்வாறு உணர்கிறோம்? அதனூடே பின்னால் உள்ளதைக் காண்பதால் உணர்கிறோம். பச்சைக் கண்ணாடி வளையல் அணிந்த கையைப் பாருங்கள். வளையலுக்கு அடியில் தெரியும் தோலும் பச்சையாகவே தோன்றுகிறது. ஆயினும் கை பச்சையாகிவிட்டது என்று எவரும் அஞ்சுவதில்லை. மேலே ஒரு பச்சைப் பொருள், அடியிலே தோல், வளையலின் மேற்பரப்பில் விளக்கின் மினுக்கு என்று கண் தானாகவே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. கண்ணுக்கு வந்து சேர்வதோ ஒரே கலவையான ஒளிதான். சுற்றிலும் உள்ள தோலின் நிறமும், வளையலின் விளிம்பும், மேலே மின்னும் ஒளியும் துணை நிற்பதால் இப்பிரிவினை நமக்கு எளிதாகிறது. இது நாம் நாள்தோறும் செய்யும் செயல். செய்கிறோம் என்பதையே நாம் அறிவதில்லை.

ஆனால் அடி தெரியாத இடத்தில் கண் திகைத்துவிடும். ஆழ்கடல் அத்தகைய இடம். மேற்பரப்பில் வானம் பிரதிபலிக்கிறது. உள்ளிருந்தும் ஏதோ ஓர் ஒளி வருகிறது. எது வானத்தினது, எது நீரினது என்று பிரிக்கும் வழி வெறுங்கண்ணுக்கு இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்ததிலிருந்துதான் இராமனின் பெருவாழ்வு தொடங்கிற்று எனலாம்.

கடல் அவருக்குப் புதிதன்று. தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தமையால், பிள்ளைப் பருவம் அலையோசையின் அருகே கழிந்தது. 11 வயதில் மெட்ரிக்குலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904இல் பி.ஏ. தேர்வில் முதன்மை பெற்றுப் பொற்பதக்கமும் வென்றார். 1906இல், 18 வயதில், ஒளியைப் பற்றிய அவரது முதற் கட்டுரை இங்கிலாந்தின் பெயர் பெற்ற ஏடொன்றில் வெளிவந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல விரும்பினார். அந்நாட்டுக் குளிர் இவ்வுடம்புக்கு ஆகாது என மருத்துவர் தடுத்துவிட்டார். நிதித் துறைத் தேர்வில் முதல்வராகத் தேறி, 1907இல் மணம் முடித்து, மனைவியார் லோகசுந்தரி அம்மையாருடன் கல்கத்தாவில் அரசாங்க உத்தியோகம் ஏற்றார்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆந்திரக் கடற்கரை, வங்கம், இரங்கூன், நாகபுரி, மீண்டும் வங்கம், இறுதியிற் கன்னட நாடு என அவர் வாழ்ந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். கல்லூரிப் பருவம் நீங்கலாகத் தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்த காலம் மிகக் குறைவு. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, அவரும் நம்முள் ஒருவரே.

கல்கத்தாவில் பௌபஜார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவப் பெரியார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் ஆளரவமின்றிக் கிடந்தது. பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு. விடியலிலும் மாலையிலும் சங்கத்து ஆய்வுக்கூடம் என்று பத்தாண்டுகள் ஓடின. வீணை, மிருதங்கம் முதலியவற்றின் நாதத்தை அவர் ஆராய்ந்ததும் அக்காலத்தை ஒட்டியதே. 1917இல் ஆசுதோஷ் முகர்ஜி அழைக்க, உயர்ந்த சம்பளமுள்ள உத்தியோகத்தைத் துறந்து, குறைந்த ஊதியத்திற்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் ஆக்ஸ்போர்டு நகரில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்றபோதுதான் அவர் முதன்முதலாக மேல்நாட்டுக்குக் கப்பலேறினார். நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. அக்கடலைக் கண்டவர் கோடி, வியந்தவரும் கோடி. அதன் காரணமோ முன்பே முடிந்துபோன செய்தியாகக் கருதப்பட்டது. வானம் நீலமாயிருப்பதன் காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டிய ராலே பிரபு, கடலின் ஆழ்நீலம் நீரின் நிறமன்று, வானத்தின் பிரதிபலிப்பே என்று எழுதியிருந்தார். அவரைப் போன்ற மேதை சொன்ன பின் மறுத்துரைப்பார் யார்?

இராமன் வாதம் புரியவில்லை, பார்த்தார். அவர் சட்டைப் பையில் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு படிகக் கருவி ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டு மீளும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமைந்துவிடும். நிக்கோல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்து உரிய வண்ணம் திருப்பினால் அந்த ஒளி முழுதும் தடைப்பட்டுப் போகும். அஃதாவது, கடலின் மேலிருந்து வானத்தின் நிழலைத் துடைத்தெடுத்துவிடலாம். ராலே பிரபு சொன்னது மெய்யானால், துடைத்த பின் கடல் இருண்டு போக வேண்டும். இராமன் கண்டது வேறு: நீலம் மறையவில்லை, முன்னினும் செறிந்து ஒளிர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பு நீரின் நிறத்தைத் தருவதற்கு மாறாக, அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது என்பது விளங்கிற்று.

நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பி வரும் வழியிலேயே அவர் இதைக் குறிப்பாக எழுதினார். செப்டம்பர்த் திங்களில் பம்பாய்த் துறைமுகம் சேர்ந்ததும் அனுப்பிய அக்குறிப்பு, நவம்பரில் இலண்டன் நேச்சர் இதழில் வெளிவந்தது. கைக்குள் அடங்கும் ஒரு படிகத் துண்டும் தளராத பார்வையும் தவிர வேறு முதல் இல்லாமற் செய்த ஆராய்ச்சி இது.

நீர் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதற்கு அவர் தந்த விடை, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது. குறைந்த அலைநீளமுள்ள ஊதாவும் நீலமும் மிகுதியாகவும், சிவப்பு மிகக் குறைவாகவும் சிதறும். அலைநீளம் 400 நானோமீட்டர் உள்ள ஊதா, 700 உள்ள சிவப்பைவிட ஏறத்தாழ 9 மடங்கு சிதறும் என்பது கணக்கு. நீர் சிவப்பொளியை உட்கொண்டு விடுவதும் நீலத்திற்கு ஒரு காரணம் என்பதை இராமன் அறிந்திருந்தார்; ஆயினும் அதனைத் துணைக் காரணமாகவே கொண்டார். பின்வந்த ஆராய்ச்சியாளர் அந்த உட்கொள்ளலுக்கே முதன்மை தந்தனர். நீலத்தை மேலே திருப்பியனுப்பச் சிதறல் வேண்டும். சிவப்பைக் களைய உட்கொள்ளல் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே கடலின் நிறம் என்பது இன்றைய தெளிவு. பெரியவர்கள் சொன்னதில் எது நின்றது, எது திருந்தியது என்று சொல்வது அவர்கள் பெருமைக்கு இழுக்காகாது.

இதை வீட்டிலேயே ஓரளவு காணலாம். சன்னற் கண்ணாடியை நேரே பார்த்தால் நிறமில்லை. அதன் விளிம்பின் வழியே பார்த்தால் பசுமை தெரியும். கண்ணாடியில் கலந்துள்ள சிறிதளவு இரும்பின் நிறம் அது. மெல்லிய தகட்டில் கண்ணுக்குத் தப்பிய நிறம், ஒளி நெடுந்தொலைவு உள்ளே ஓடும்போது தன்னைக் காட்டிக்கொள்கிறது. தம்ளரில் உள்ள நீர் நிறமற்றது, கடல்நீர் நீலமானது என்பதும் இவ்வாறே.

கல்கத்தா திரும்பிய இராமன், மாணவர் குழாத்துடன் தெளிந்த திரவங்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். திரவத்தில் தூசி இருந்தால் அதுவே ஒளியைச் சிதறடித்து ஏமாற்றிவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்வர். அத்துணைத் தூய்மைக்குப் பின்னரும், சூரிய ஒளிக்கற்றையைச் செலுத்தினால் திரவத்தினுள் ஒரு மெல்லிய நீலத்தடம் தெரியும். முழுத்தெளிவு என்பது எந்தத் திரவத்திலும் இல்லை. இத்தகைய ஆராய்ச்சியின்போது, 1923இல் கே. ஆர். இராமநாதன் நீரில் வேறொரு மங்கலான ஒளியையும் கண்டார். அழுக்கினால் வருவதோ என ஐயுற்று எத்தனை முறை வடித்தும் அது நீங்கவில்லை. பின்னர் வேங்கடேசுவரன் என்பவர் கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமற் பசுமையாக இருக்கக் கண்டார்.

வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அப்போது இராமனுடன் பணியாற்றி வந்தார். 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் செய்த சோதனை இன்னும் வியப்பளிப்பது. நீல ஊதாக் கண்ணாடி ஒன்று, மஞ்சட் பச்சைக் கண்ணாடி ஒன்று. தனித்தனியே இரண்டும் ஒளி புகும் தெளிந்த பொருள்களே. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்று விடும் நிறத்தை மற்றொன்று தடுத்துவிடும், ஆகவே இருட்டு. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லை கொண்டு வெயிலைக் குவித்து, நீலக் கண்ணாடி வழியே திரவத்தினுள் செலுத்தி, சிதறி வரும் ஒளியை மற்றக் கண்ணாடி வழியே நோக்கினர். இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒளி தெரிந்தது. உள்ளே சென்றது நீலம். வெளிவந்ததில் இல்லாதிருந்த பசுமை இருக்கிறது. அஃதாவது, திரவத்தினுள் ஒளி தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வருகிறது. ஏறத்தாழ 60 திரவங்களில் இதைக் கண்டனர்.

பிப்ரவரி 28ஆம் நாள், ஒற்றை நிற ஒளியைச் செலுத்தி நிறமாலைகாட்டியால் நோக்கியபோது, மூல ஒளியினின்று தெளிவாகப் பிரிந்து நிற்கும் புதுக்கோடு தெரிந்தது. ஒளி மூலக்கூற்றில் மோதும்போது, அம்மூலக்கூற்றின் அதிர்வுக்கு ஆற்றல் சிறிது கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ வெளிவருகிறது. அக்கொடுக்கல் வாங்கலே நிறமாற்றம். மோதிச் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றுக்குத்தான் இது நேரும். அந்த ஒன்றை வெறுங்கண்ணால் பிடித்தார்கள் என்பதை நினைக்கும்போதுதான் அவர்களுடைய பார்வையின் கூர்மை புலப்படும்.

இக்கண்டுபிடிப்பைப் பற்றி இராமன் விரிவாக உரையாற்றியது நம் பெங்களூரிலேதான். 1928 மார்ச்சு 16ஆம் நாள் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தார் முன்னிலையில் அவர் உரை நிகழ்ந்தது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நாட்டு மண்ணிலேயே கற்று, இந்நாட்டு ஆய்வுக்கூடத்திலேயே உழைத்து அப்பரிசை விஞ்ஞானத்தில் பெற்றவர் அவருக்கு முன் எவரும் இலர். 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஒரு நயத்தை இங்கே குறிக்கலாம். நீர் சிவப்பொளியை உட்கொள்வது ஏன்? நீர் மூலக்கூற்றின் அதிர்வுகளால்தான். இராமன் கோடுகள் நமக்குப் படித்துக் காட்டுவதும் மூலக்கூறுகளின் அதிர்வுகளையே. கனநீர் என்பதில் அவ்வதிர்வு மெதுவாக நடப்பதால் சிவப்பு தப்பிவிடுகிறது. நீலமும் இல்லாமற் போகிறது. கப்பலின் மேல்தளத்தில் அவர் துணைக் காரணம் என்று ஒதுக்கியதும், ஏழாண்டு கழித்து அவர் பெயரை நிலைநாட்டியதும் ஒரே வேரில் கிளைத்தவை. கண்ணாடிப் புட்டியைத் திறவாமலேயே உள்ளிருக்கும் மருந்து இன்னதென்று இன்று சொல்ல முடிவதும், மணிக்கற்களில் மெய்யையும் போலியையும் பிரிக்க முடிவதும் அக்கோடுகளின் துணையால்தான்.

1933இல் அவர் பெங்களூர் வந்தார். 1909இல் எழுந்த இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு இயக்குநராக அமர்ந்த முதல் இந்தியர் அவர். அப்பதவி அவருக்கு இனிமையாக அமையவில்லை. கருத்து வேற்றுமைகள் முற்றி, 1937இல் இயக்குநர் பொறுப்பை விட்டு, 1948 வரை பேராசிரியராகவே இருந்தார். 1934இல் இந்திய விஞ்ஞான அகாதெமியை இங்கே தோற்றுவித்தார். மல்லேசுவரத்தில் பஞ்சவடி என்னும் இல்லமும் அவருடையதாயிற்று. அது நம் குடியிருப்பிலிருந்து நடந்தே செல்லும் தொலைவு.

பணி ஓய்வுக்குப் பின் எங்கே அமர்ந்து ஆராய்வது என்ற கேள்விக்கு அவரே விடை அமைத்துக்கொண்டார். மைசூர் அரசு நல்கிய நிலத்தில், தம் சேமிப்பையும் பிறரிடம் திரட்டிய நன்கொடையையும் கொண்டு 1948இல் இராமன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே மின்சாரம் இல்லை. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. வெயிலைக் கண்ணாடியால் உள்ளே திருப்பி, சில வில்லைகளைக் கொண்டே சோதனைகளை நடத்தினார். பெங்களூர் வெயில் எத்தனையோ பயிர்களை வளர்த்திருக்கிறது. அது விஞ்ஞானத்தையும் வளர்த்தது.

இங்கே அவர் பார்த்தவை வைரம், நிலாக்கல், முத்து, பட்டாம்பூச்சியின் சிறகு முதலியன. 1949ஐ ஒட்டி அவர் ஆராய்ந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளைத் தூளாகும்; தெளிவு போய்விடும். அத்தூளைத் தக்க திரவத்தில் இட்டால் மீண்டும் தெளிவு வரும். எண்ணெய் பட்ட தாள் ஒளி விடுவதும் இவ்வகையே. திரவமும் கண்ணாடியும் எந்த நிறத்து ஒளியை ஒரே அளவில் வளைக்கின்றனவோ, அந்த நிறம் மட்டும் தடையின்றிக் கடந்து வரும். நிறமற்ற தூள், நிறமற்ற திரவம். புட்டியோ நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். புட்டியைச் சற்றுச் சூடாக்கினால் நிறம் மாறும். 1884இல் டென்மார்க்கு நாட்டுக் கிறிஸ்தியன்சன் கண்ட விந்தை இது. இதன் காரணத்தை இராமன் விரிவாக ஆய்ந்து எழுதினார்.

முதுமையில் அவர் பார்வை, பார்க்கப்படும் பொருளிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் திரும்பிற்று. நிறம் பொருளில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா? 70 வயதைக் கடந்தவர் தோட்டத்து மலர்களைக் கொய்து நிறமாலைகாட்டியின் முன் வைத்தார். வண்ணத் தகடு ஒன்றைக் கண்ணெதிரே பிடித்து, ஒளி நிறைந்த வெண்திரையை நோக்கிக்கொண்டிருந்து, தகட்டைச் சட்டென்று அகற்றினால், தம் விழித்திரையின் வடிவமே திரையில் நிழலாடுவதைக் கண்டார். 1968இல் இவற்றையெல்லாம் பார்வையின் உடலியல் பற்றிய நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் கொள்கை நிலைக்கவில்லை. மூவகை நிறவுணர் அணுக்களால் நிறம் அறிகிறோம் என்ற பழைய கொள்கையை அவர் மறுத்தார். ஆனால் 1964இலேயே மேல்நாட்டார் அம்மூவகையையும் அளந்து காட்டியிருந்தனர். படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் போர்னுடன் அவர் நெடுநாள் நடத்திய வாதத்திலும் வெற்றி போர்னுக்கே. தம் கண்ணை நம்பி ராலே பிரபுவை மறுத்த அதே உறுதி, பிற்காலத்தில் மற்றவர்கள் அளந்ததை ஏற்கவிடாமலும் தடுத்தது. அவர் மனம் அப்படிப்பட்டது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. ஆயினும் அந்நூலிற் கண்ட மலர்களின் நிறமாலைக் குறிப்புகள் பொய்யாகிவிடவில்லை. கொள்கை சரிந்தாலும் கண்ட காட்சி காட்சியே.

1954இல் பாரத ரத்தினம், 1957இல் லெனின் பரிசு என விருதுகள் வந்தன. அவற்றைவிடச் சிறுவர்கள் நிலையத்துக்கு வருவது அவருக்கு உவப்பு. தாம் சேர்த்த கற்களையும் சிப்பிகளையும் அவரே காட்டி மகிழ்வார். ஆண்டுதோறும் காந்தியடிகள் பிறந்தநாளன்று அங்கே பொதுச் சொற்பொழிவு நிகழ்த்துவது வழக்கம். 1970 அக்டோபர் 2ஆம் நாள், 81 வயதில், செவிப்புலன் பற்றிப் பேசினார். அதுவே இறுதிச் சொற்பொழிவு.

அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் விடியலில் அவர் உயிர் நீத்தார். தாம் விரும்பியபடியே, சடங்குகள் இன்றி, நிலையத்துத் தோட்டத்திலேயே எரியூட்டப் பெற்றார். அவ்விடத்தில் மண்டபம் எதுவும் எழுப்பவில்லை; ஒரு மரத்தை நட்டார்கள்.